நூரிகளுக்கு நடந்த கல்யாணம்

நான் கடைசியாக வேலை பார்த்த பறவைப் பூங்காவில், போன மாதம் ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு மதியச் சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நிஷா என்ற பெண் எங்களைக் கூண்டுகளுக்கு அழைத்துப் போனாள். நான் செய்த வேலையை இப்போது அவள் செய்கிறாள். ஒரு கூண்டில் இரண்டு நூரிகள் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தன. நூரி என்பது மலாய்ப் பெயர். கிளிச் சாதிதான். விதை தின்னாது, பூந்தேன் குடித்து, பழம் தின்று வாழும்.

"ஜோடியா?" என்று கேட்டேன்.

"இன்னும் தெரியாது, பாட்டி. ஃபெதர் அனுப்பியிருக்கோம். அடுத்த வாரம் ரிசல்ட் வந்துடும்."

"இறகா?"

"ஆமா லா. ஒண்ணு போதும். அடியில கொஞ்சம் சதை ஒட்டியிருந்தா கீழ விழுந்ததுகூட சில சமயம் ஓகே. லேப்ல பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்லிடுவாங்க. உங்க காலத்துல எப்படி கண்டுபிடிச்சீங்க?"

"பார்த்துத்தான்" என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. நான்கு பேர் சுற்றி நின்றால் எனக்குப் பேச்சு வராது, அன்றும் இன்றும். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பதுகளில் எங்கள் வீடு ஃபேரர் பார்க் பக்கத்தில் நகராட்சிக் குடியிருப்பில் இருந்தது. அப்பா சாலை வேலை. அவருடைய சிநேகிதர் மாரிமுத்து அண்ணன், புக்கிட் மேராவில் ஒரு குன்றின்மேல் இருந்த பங்களாவில் தோட்டக்காரர். பங்களா ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்றுதான் சொல்வோம். ரப்பர், கப்பல் என்று பல வியாபாரம் அவருக்கு. பறவைப் பைத்தியம் வேறு. வீட்டுக்குப் பின்னால் பெரிய பெரிய கூண்டுகள் கட்டி, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு மிருக வைத்தியரையும் வைத்திருந்தார். அவர்தான் செல்லையா ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்தவர்.

கூண்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று மாரிமுத்து அண்ணன் என்னை அழைத்துப் போனார். ஐயா என் பெயரைக் கேட்டார். பாக்கியம் என்றேன். காதில் விழவில்லை என்று மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன். அதுவும் விழவில்லை.

"ஐயா, இது வாயைத் திறக்காதுங்க" என்றார் மாரிமுத்து அண்ணன். "இவங்க வீட்டுப் பூனைகூட இதைவிட அதிகமா பேசும். வேலை மட்டும் சுத்தமா செய்யும்."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடி ஒரு ஆளைத்தான் நான் தேடினனான். இஞ்ச கதைக்கிற ஆக்கள் கூடிப் போயிட்டினம்" என்று மாரிமுத்து அண்ணனைப் பார்த்தார்.

என் கூச்சத்துக்காக ஒருவர் சம்பளம் கொடுப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

முதல் சில வருடங்கள் வேலை பழகியதிலேயே போனது. தேக்கா சந்தையில் பப்பாளியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். குன்று ஏறி வந்ததும் அரிசியைக் குழையக் கஞ்சி வைத்து, ஆறிய பிறகு தேனும் டின் பாலும் கலந்து, துணியில் வடிகட்டி ஊற்றுவேன். இந்த ஊர் வெயிலில் கஞ்சி மத்தியானத்துக்குள் புளித்துவிடும். புளித்ததைக் குடித்தால் பறவை செத்துப்போகும். அதனால் அரை நாளுக்கு ஒரு முறை கிண்ணத்தை எடுத்து, வெந்நீரில் கழுவி, புதிதாக வைக்க வேண்டும். பிறகு தரை. தரை விஷயத்தில் ஐயா பொல்லாதவர். எச்சம் காயக்கூடாது, பழத்தோல் கிடக்கக்கூடாது, ஒரு இறகுகூட இருக்கக்கூடாது. அழுக்கில்தான் நோய் வரும் என்பார். நான் பெருக்கி முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். மூலையில் ஏதாவது தென்பட்டால் பேசமாட்டார், கோபிக்கமாட்டார். ஒரு விரலை மட்டும் அந்தப் பக்கம் நீட்டுவார். அந்த விரலுக்கு நான் அவ்வளவு பயப்படுவேன்.

அம்பதுகளின் கடைசியில் அந்த நான்கு நூரிகளும் வந்தன. வருடா வருடம் காற்று அடிக்கும் காலத்தில் கிழக்குத் தீவுகளிலிருந்து பாய்க்கப்பல்கள் கொப்பரை ஏற்றிக்கொண்டு கல்லாங் கரைக்கு வரும். காற்று திரும்பியதும் ஊருக்குப் போய்விடும். அதில் ஒரு கப்பலின் தலைவரை எல்லாரும் நக்கோடா என்றே கூப்பிடுவார்கள். அவர்தான் பிரம்புக் கூடையில் தவுக்கேயிடம் கொண்டுவந்தார். சிவப்பு உடம்பு, நெஞ்சில் மை கொட்டியது போல நீலம். அப்படி ஒரு நிறத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நக்கோடா மலாயில் பேசினார். ஐயா எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவருடைய தீவில் தென்னை வைப்பதற்குக் காட்டை வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்த நூரிகளைப் பிடித்து விற்றுவிட்டார்கள். "நானும் வித்தவன்தான்" என்றாராம் நக்கோடா. மலைமேல் அவருடைய அண்ணனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காடு இருந்தது. அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள். ஆனால் அங்கே இப்போது ஒரு நூரிகூட இல்லை. இந்த நான்கும்தான் அவர் பிடித்த கடைசி நான்கு.

அன்று சாயங்காலம் ஐயா வெகுநேரம் கூண்டு முன்னால் நின்றார். மறுநாள் தீனி அறையின் பலகைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதினார். எங்களுக்கும் புரிய வேண்டும் என்று தமிழிலேயே எழுதினார். மேலே 'ஜோடி', அதன் கீழே 'குஞ்சு', அதற்கும் கீழே 'தீவு'.

"இதுதான் வேலை" என்றார். "சோடி சேர்க்கிறது. குஞ்சு எடுக்கிறது. கொஞ்சம் சேர்ந்தாப் பிறகு நக்கோடாவின்ரை கப்பலிலை அந்த மலைக்குத் திருப்பி அனுப்புறது. குஞ்சுகள் மனிசரின்ரை கதை கேட்டு வளரக்கூடாது. கேட்டா மனிசரைத் தேடிப் போகும், பிறகும் பிடிச்சு வித்துப்போடுவினம். ஆனபடியால் இந்தக் கூட்டுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் கதைக்கக் கூடாது. விளங்குதே, மாரிமுத்து?"

"நான் என்னங்க ஐயா பேசுறேன்?" என்றார் அவர்.

முதல் வேலையே கஷ்டம். இந்த நூரிகளில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. நிறத்தில் வித்தியாசம் இல்லை, குரலில் இல்லை. ஐயா கூண்டு முன்னால் சாக்குப் படுதா கட்டி, அதில் ஒரு ஓட்டை போட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். யார் யார் பக்கத்தில் தூங்குகிறார்கள், யார் யாருக்கு ஊட்டுகிறார்கள், யார் தலையை யார் கோதுகிறார்கள். பல வாரம் பார்த்து இரண்டு இரண்டாகப் பிரித்தார். நாங்கள் யார் பார்த்தாலும் அப்படித்தான் பிரித்திருப்போம். அவ்வளவு ஒட்டுதல்.

தனிக் கூண்டில் விட்ட அன்று மாரிமுத்து அண்ணன் சிராங்கூன் ரோட்டிலிருந்து மல்லிகைச் சரம் வாங்கி வந்துவிட்டார். கூண்டுக் கதவில் கட்டினார். கஞ்சிக்கு வைத்திருந்த டின் பாலில் எங்களுக்குப் பாயசம் வைக்கச் சொன்னார். "கொஞ்சம் பெரிய தலையா இருக்காரே, இவரு மாப்பிள்ளை. இது பொண்ணு. அந்தக் கூண்டுல வாலை ஆட்டிக்கிட்டே நிக்கிறவரு மைனர். பக்கத்துல இருக்கிறது ராணி" என்று பெயரும் வைத்தார். படுதாவுக்கு இந்தப் பக்கம் நின்று கிசுகிசுவென்று மந்திரம் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். ஐயாவும் பாயசம் குடித்தார். சுவரில் 'ஜோடி'க்குப் பக்கத்தில் சரி என்று கோடு போட்டார்.

இப்போது நினைத்தால் அந்தப் பாயசம்தான் தொண்டையில் நிற்கிறது. பெயர் வைத்த பிறகு எங்கள் கண் மாறிவிட்டது. கூண்டுக்குள் கட்டியிருந்த மரப்பொந்தில் பொண்ணு இரண்டு முட்டை இட்டாள். மாப்பிள்ளையும் பொந்துக்குள் போய் முட்டைமேல் உட்கார்ந்தான். "பொறுப்பான தகப்பன்" என்று ஐயா சந்தோஷப்பட்டார். அடுத்த கூண்டில் ராணி முட்டையே இடவில்லை. "வயசுக்கு வரலை லா, வரட்டும்" என்றார் மாரிமுத்து அண்ணன். ஐயாவும் தலையாட்டினார். தீனி அறையில் நாங்கள் எல்லாரும் 'அவன்', 'அவள்' என்றே பேசினோம்.

முட்டை பார்க்கும் முறையைச் சொல்கிறேன். சிகரெட் டின் மூடியில் காசு அளவு ஓட்டை போட்டு, உள்ளே டார்ச் லைட் வைத்திருப்பார் ஐயா. தீனி அறை ஜன்னலைச் சாக்கால் மூடிவிடுவோம். பறவை கஞ்சி குடிக்க வெளியே வரும் நேரம் பார்த்து, பஞ்சு சுற்றிய கரண்டியால் முட்டையை எடுத்து வருவார். நான் கதவைப் பிடித்துக்கொள்வேன். ஓட்டைமேல் முட்டையை வைத்தால் உள்ளே வெளிச்சம் தெரியும். உயிர் இருந்தால் சிவப்பு நரம்பு சிலந்தி வலைபோலப் பிரிந்து ஓடும். வேறு பறவைகளின் முட்டையில் அதைக் காட்டியிருக்கிறார். நூரி முட்டையில் எதுவும் ஓடவில்லை. சுத்தமான மஞ்சள் வெளிச்சம் மட்டும்தான்.

"வெறும் முட்டை" என்பார். திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

அடுத்த வருடமும் வெறும் முட்டை. கஞ்சியில் குறையோ என்று சோயா அரைத்துக் கலந்தோம். பொந்து சரியில்லையோ என்று மாரிமுத்து அண்ணன் தென்னை மரத்துண்டைக் குடைந்து புதிதாகச் செய்தார். மழை பழக்கமோ என்று பூவாளியால் தண்ணீர் தெளித்தோம். அதற்கடுத்த வருடமும் அதே மஞ்சள் வெளிச்சம். காற்றுக் காலம் வரும்போதெல்லாம் நக்கோடா குன்று ஏறி வந்து ஒரே கேள்வி கேட்பார்: "பிள்ளைங்க வந்தாச்சா?" ஐயா இல்லை என்று தலையாட்டுவார். நக்கோடா காபி குடித்துவிட்டுப் போவார். போகும்போது, "மலை இருக்கு, அண்ணன் பார்த்துக்கிறார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

நான்காவது வருடம் பொந்துக்குள் கை விட்ட ஐயா அப்படியே நின்றுவிட்டார். கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்தார். நான்கு முட்டை.

இந்த நூரி ஒரு முறைக்கு இரண்டு முட்டைதான் இடும். நான் சந்தோஷத்தில் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் போய் உட்கார்ந்தார்.

"பிள்ளை" என்றார் மெதுவாக. "ரெண்டும் பொம்பிளை."

எனக்கு விளங்கவில்லை. மாரிமுத்து அண்ணனுக்குத்தான் முதலில் விளங்கியது. "அப்போ நான் நடத்திவச்ச கல்யாணம்?" என்றார். ஐயா சிரித்துவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ராணியும் மைனரும் ஏன் முட்டையிடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. "ராணிக்கு மீசை வரைய மறந்துட்டோம் லா" என்றார் மாரிமுத்து அண்ணன். பிறகு ஐயா சிரிப்பதை நிறுத்தினார். தீனி அறைக்குப் போய், ஜோடிக்குப் பக்கத்தில் போட்டிருந்த கோட்டைக் கைக்குட்டையால் அழித்தார். வெகுநேரம் தேய்த்தார்.

அடுத்த வாரம் மாற்றி ஜோடி சேர்த்தோம். பொண்ணை மைனரோடு, மாப்பிள்ளையை ராணியோடு. பெயரை மாற்ற எங்களுக்கு வாய் வரவில்லை. நடுவில் படுதா கட்டினோம். ஒன்றையொன்று பார்க்க முடியாது. ஆனால் கேட்குமே. விடிந்ததும் அந்தக் கூண்டிலிருந்து பொண்ணின் குரல், இந்தக் கூண்டிலிருந்து மாப்பிள்ளையின் பதில் குரல், பொழுது சாயும் வரைக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். ராணி பக்கத்தில் போய் ஊட்டப் பார்த்தால் மாப்பிள்ளை கொத்தித் துரத்துவாள். கஞ்சிக் கிண்ணத்தைத் தொடமாட்டாள். நான் வைத்தபடியே திருப்பி எடுப்பேன்.

நான் அங்கே வாய் திறந்து ஒன்று கேட்டது அந்த ஒரு முறைதான். கூண்டுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஐயாவை நிறுத்தினேன்.

"ஐயா, ஒரு வாரம் மட்டும் சேத்து வைக்கலாங்களா? சாப்பிட ஆரம்பிச்சதும் பிரிச்சிடலாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "சேர்த்தால் திரும்பப் பிரிக்க எனக்கு மனம் வராது, பிள்ளை. உமக்கும் வராது. நாலு வருசம் போயிட்டுது. நாலே நாலுதான் இருக்கு."

சொன்னது சரிதான். நான் குழாயைத் திறந்து கிண்ணத்தைக் கழுவினேன். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குப் பப்பாளியை மசித்து, குச்சியில் தடவி, கம்பி வழியாக நீட்டிப் பார்த்தேன். இரண்டு வாய் தின்னும். பிறகு அந்தக் குரல் கேட்கும். திரும்பிவிடும்.

ஒரு காலையில் தரையில் கிடந்தாள்.

ஐயா தீனி அறை மேசையில் காகிதம் விரித்து, சின்னக் கத்தியால் நெஞ்சுக்குக் கீழே கீறினார். "வந்து பாரும்" என்று கூப்பிட்டார். முதுகெலும்பை ஒட்டி, கடுகு கடுகாக, மஞ்சளாக ஒரு கொத்து. எல்லாம் முட்டை. இட வேண்டிய முட்டைகள். இப்படித் திறந்து பார்த்தால்தான் நிச்சயம் தெரியும் என்றார். உயிரோடு இருக்கும்போது தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வழியும் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார், பிறகு துண்டைத் தேடினார். துண்டு அவர் தோளிலேயே இருந்தது.

மறுநாள் பொண்ணு கூப்பிட்டாள். பதில் வரவில்லை. கொஞ்ச நாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்தினாள். மழைக்காலம் முடிவதற்குள் மைனர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள்.

அந்த முறை சிகரெட் டின்மேல் வைத்த முட்டையில் சிவப்பு நரம்பு ஓடியது. ஐயா டார்ச்சை அணைக்கவே இல்லை. மாரிமுத்து அண்ணன் இருட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு குஞ்சு பொரிந்தது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். இருமல் வந்தால் குன்றுக்குக் கீழே ஓடிப்போய் இருமினோம். குஞ்சுகள் இறகு முளைத்து, பொந்துக்கு வெளியே வந்து, எங்களைக் கண்டால் பயந்து மேலே பறந்தன. அவை எங்களுக்குப் பயந்ததில் ஐயாவுக்கு அவ்வளவு பெருமை. சுவரில் இரண்டு கோடு போட்டார். தீவு மட்டும் பாக்கி.

அந்த வருடம்தான் இந்தோனேசியாவோடு மோதல் வந்தது. கடல் வழி அடைபட்டது. ஊரில் குண்டு வெடித்த பேச்சு. காற்றுக் காலம் வந்தது, நக்கோடா வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா என்னையும் மாரிமுத்து அண்ணனையும் அழைத்துக்கொண்டு கல்லாங் கரைக்குப் போனார். பாய்மரங்கள் காடு மாதிரி நிற்கும் இடம் அது. அன்று மீன்பிடிப் படகுகள் மட்டும் கட்டிக் கிடந்தன. கரையில் சாயாக்கடை வைத்திருந்த மலாய்க்காரரிடம் ஐயா விசாரித்தார். அவர் கடலைக் காட்டிக் கையை விரித்தார்.

"அடுத்த வருசம் வந்துடுவாருங்க ஐயா" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"போன வருசம் வந்தவர்" என்றார் ஐயா. "அதுக்கு முந்தின வருசமும் வந்தவர்."

மூன்று பேரும் திரும்பிப் பஸ் ஏறினோம்.

அடுத்த வருடமும் அவர் வரவில்லை. தவுக்கே காலமானார். குன்றை அரசாங்கம் அடுக்குமாடி வீடுகள் கட்ட எடுத்துக்கொண்டது. மகன்கள் பறவைகளை ஆளாளுக்குக் கொடுத்தார்கள். குஞ்சுகள் இரண்டையும் சேர்த்து நூரிகள் ஐந்தையும் விமானத்தில் வெளிநாட்டுப் பூங்கா ஒன்றுக்கு அனுப்பினார்கள். பெட்டியில் எந்தப் பறவை ஆண், எந்தப் பறவை பெண் என்று ஐயா தன் கையால் எழுதி ஒட்டினார். குஞ்சுகள் இரண்டுக்கும் கேள்விக்குறி போட்டார். பிறகு அவற்றைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. ஐயா மகளிடம் யாழ்ப்பாணம் போனார். அங்கேயே இறந்துவிட்டதாக மாரிமுத்து அண்ணன் பிறகு சொன்னார். பலகைச் சுவரை இடித்தபோது மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் கோடு இல்லாமல்தான் இருந்தது.

நிஷா அன்று தன் போனில் தேடிப் பார்த்தாள். அந்தச் சாதி வேறு ஒரு தீவில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். நக்கோடாவின் தீவில் இல்லையாம். மலைக்காடு மட்டும் இருக்கிறது என்று படம் காட்டினாள். பச்சையாகத்தான் இருந்தது.

இப்போது நானும் புக்கிட் மேராவில்தான், அடுக்குமாடியில் இருக்கிறேன். காலையில் எழுந்து வீடு பெருக்கும்போது அந்தக் கூண்டுத் தரை ஞாபகத்துக்கு வருகிறது. மாப்பிள்ளையும் பொண்ணும் ஒன்றையொன்று கோதிக் கோதி நிறைய இறகு விழும். சிவப்பு, சிலவற்றில் ஓரத்தில் நீலம், நிஷா லேபுக்கு அனுப்பியது மாதிரியான இறகு. ஐயா பறவையைத்தான் அத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தார், படுதாவில் ஓட்டை போட்டு. நான் கீழே குனிந்து, ஒன்று விடாமல் கூட்டி அள்ளி, மாரிமுத்து அண்ணன் சருகு எரிக்கும் குழியில் கொட்டினேன். ஐயா வந்து பார்ப்பார். மூலையில் ஒன்று தப்பிக் கிடந்தால் விரலை நீட்டுவார். ஓடிப்போய் அதையும் எடுத்துவிடுவேன்.